செருப்பை எங்கே விடணும், மாப்ள?

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நண்பன் போன் செய்தான். மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவன். நள்ளிரவுக்கெல்லாம் லாரி வந்துவிடும் என்பதால் அந்நேரம் அவன் தூங்கியிருக்க வேண்டும். "மாப்ள, நாளைக்கு வேட்டி கட்டிட்டு வரவா, பேன்ட் போட்டுட்டு வரவா?" என்றான். எதுவானாலும் சரி என்றேன். "நெத்தியில விபூதி?"

விவரம் தெரிந்த நாள் முதல் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் நான். இந்தக் கேள்விக்கு யோசிக்க வேண்டியிருந்தது. "இருந்துட்டுப் போகட்டும்டா. யாரும் அழிக்கச் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

அவன் மகள் மிஷன் பள்ளியில் படிக்கிறாள். அந்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எங்கள் சர்ச்சில் பாட வருகிறார்கள். மகள் பாடுவதைப் பார்க்க அப்பா வருகிறார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் காலையில் வாசலில் வந்து நின்றவன் முகத்தில் பரீட்சைக்கு வந்த பையனின் களை இருந்தது. முதல் கேள்வி: "செருப்பை எங்கே விடணும், மாப்ள?"

சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் படிக்கட்டு ஓரம் கழற்றிப் போட்டிருந்தார்கள், பாதிப் பேர் ஷூ காலோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் இதைக் கவனித்ததே இல்லை. மீனாட்சி கோயிலில் டோக்கன் கொடுத்துச் செருப்பை வாங்கி வைக்க ஓர் இடம் உண்டு. எங்களிடம் அப்படி ஒரு இடமும் இல்லை, எழுதி வைத்த சட்டமும் இல்லை. பெஞ்சு போட்ட டவுன் சர்ச் என்றால் பெரும்பாலும் அவரவர் இஷ்டம். ஜமுக்காளம் விரித்துத் தரையில் உட்காரும் கிராமத்துச் சர்ச் என்றால் கட்டாயம் வெளியேதான். புதிதாக வருகிறவர் கழற்றிவிடுவதே நல்லது. கழற்றியதற்காக யாரும் யாரையும் முறைத்ததில்லை.

அன்று முழுக்க அவன் கேட்ட கேள்விகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் பிறந்து வளர்ந்த இடத்தை அவன் கண்ணால் ஒரு தரம் பார்த்த மாதிரி இருந்தது.

அடுத்து, "எத்தனை மணிக்கு நடை சாத்துவாங்க?" என்றான். இதில்தான் பெரிய வித்தியாசமே இருக்கிறது. மீனாட்சி கோயிலுக்குத் தாமதமாகப் போவது என்று ஒன்று கிடையாது. நடை திறந்திருக்கும் வரை எப்போது போனாலும் உங்களுக்கும் அம்மனுக்கும் இடையில் நடப்பதுதான் தரிசனம். பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சர்ச்சில் எட்டரைக்கு ஆராதனை என்றால் எட்டரைக்கு மணி அடிக்கும், எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள், ஒன்றாக உட்காருவார்கள், பத்தரை வாக்கில் ஒன்றாகக் கலைவார்கள். நடுவில் எழுந்து போகலாம், யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். ஆனால் தலைகள் திரும்பும். இந்த 'ஒன்றாக' என்பதுதான் புதியவருக்குப் பதற்றம். சாமி கும்பிட அவனுக்குத் தெரியும். இருநூறு பேரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் கும்பிடத்தான் தெரியாது.

அதனால் முன் பெஞ்சில் போய் உட்காரக் கூடாது. முன்னால் ஆள் இல்லாவிட்டால் யாரைப் பார்த்து எழுவது? நடுவில் உட்கார்ந்தால் முன் வரிசை எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்துவிடலாம். இன்னொன்று, பல இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். குடும்பமாக உட்காரும் சர்ச்சுகளும் நகரத்துக்குள் கூடிவிட்டன. முக்காடும் அப்படித்தான், சில சபைகளில் பெண்கள் எல்லோரும் போடுவார்கள், சில இடங்களில் பாட்டிமார்கள் மட்டும். உள்ளே நுழையும்போது ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

"பூசை பண்றவர் யாரு?" என்று கேட்டான். ஐயர் என்றேன். திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். புராட்டஸ்டன்ட் சபைகளில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வது எங்கள் காதுக்குப் பழகிப்போனது. அவனுக்கு வேறு ஐயர் ஞாபகம் வந்திருக்கிறது. எங்கள் சர்ச் சேர்ந்திருக்கும், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். ஆக, ஐயரம்மா என்றால் ஐயரின் மனைவியா, ஐயராகவே இருக்கும் அம்மாவா என்ற குழப்பம் எங்களுக்கே உண்டு. கத்தோலிக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சாமி, இல்லையென்றால் ஃபாதர்.

ஆராதனை தொடங்கியது. சுவரில் தொங்கும் பலகையில் அன்றைய பாட்டு எண்கள் இருக்கும், அதைப் பார்த்துப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு வகை. பாமாலை மேல்நாட்டு மெட்டு, ஆர்கனுக்கு ஏற்றது. அது ஓடும்போது நண்பன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். கீர்த்தனை ஆரம்பித்ததும் முகம் மாறியது. பாட்டின் தலைப்பில் ராகம், தாளம் போட்டிருக்கிறது, கீழே பல்லவி, அனுபல்லவி, சரணம். "என்ன மாப்ள, கச்சேரி மாதிரி இருக்கு?" என்று காதில் சொன்னான். இருக்காதா பின்னே. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் எழுதியவை இவை. அவற்றை ஞாயிறு ஆராதனையில் பாட வைத்ததில் நம் மதுரைக்கும் பங்கு உண்டு. 1834-ல் இங்கே வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப், 1853-ல் இந்தக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்த ஆள் தமிழ் ராகத்தைச் சர்ச்சுக்குள் கொண்டுவரப் பாடுபட்டிருக்கிறார். இப்போது எங்கள் சர்ச்சில் இளைஞர்கள் கீபோர்டு வைத்து வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கீர்த்தனைதான் பிடிக்கும், சொல்லிவிட்டேன்.

பிள்ளைகள் பாடினார்கள். மகள் இரண்டாம் வரிசையில். அப்பா போனை எடுத்து வீடியோ எடுத்தார். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் நாலு அப்பாக்கள் அதையே செய்துகொண்டிருந்தார்கள். ஜெப நேரத்தில் மட்டும் எடுக்காமலிருப்பது மரியாதை.

வேதபாடம் வாசித்தபோது தமிழே அவனைக் கொஞ்சம் மிரட்டியிருக்கும். பரிசுத்த ஆவி, ஸ்தோத்திரம், ஞானஸ்நானம், கர்த்தர் என்று எங்கள் பைபிள் சமஸ்கிருதம் கலந்த பழைய மணிப்பிரவாளத்தில் ஓடும். கத்தோலிக்கக் கோயிலில் அதே விஷயம் தூய ஆவி, திருமுழுக்கு, ஆண்டவர் என்று வரும். இரு தரப்பாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. கத்தோலிக்கர்கள் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள், எங்கள் ஆட்கள் பழையதை விடவில்லை. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று சொன்னால்தான் எங்கள் அம்மாவுக்கு ஜெபித்த மாதிரி இருக்கும்.

பிரசங்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்துக்கொள்ளுங்கள். லாரி இறக்கிவிட்டு நேராக வந்த நண்பன் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டான். பக்கத்தில் இருந்த எங்கள் சபைப் பெரியவரும்தான்.

காணிக்கைப் பை வந்தபோது விழித்தான். கைப்பிடி வைத்த துணிப் பை, வரிசையாகக் கை மாறிக்கொண்டே வரும். எவ்வளவு என்று கண்ணால் கேட்டான். புதிதாக வருகிறவர் போட வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பையை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தால் போதும். பத்து ரூபாய் போட்டாலும் ஐந்நூறு போட்டாலும் பைக்குள் கை போவது ஒரே மாதிரிதான் தெரியும். அதற்காகத்தான் அது தட்டாக இல்லாமல் பையாக இருக்கிறதோ என்று நான் சின்ன வயதில் நினைத்ததுண்டு.

இது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அன்று திருவிருந்து ஞாயிறு. அதை அவனிடம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தப்பு.

திருவிருந்து என்றால் இயேசு கடைசி இரவில் சீடர்களோடு அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பகிர்ந்துகொண்டதை நினைத்து வாங்குவது. வரிசை வரிசையாக எழுந்து முன்னால் போய், பீடத்துக்கு முன் உள்ள கம்பித் தடுப்பில் முழங்காலிட வேண்டும். நான் எழுந்தேன், அவனும் பின்னாலேயே எழுந்தான். நடுவழியில் திரும்பிப் பார்க்கிறேன், கைகட்டிக்கொண்டு பயபக்தியோடு வருகிறான். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. என் பக்கத்தில் முழங்காலிட்டான். நான் கையை ஏந்தியதைப் பார்த்து அவனும் ஏந்தினான்.

ஐயர் அப்பத் தட்டோடு வந்தார். எனக்கு வைத்தார். அவன் நெற்றி விபூதியைப் பார்த்தார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தட்டை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை அவன் தலைமேல் வைத்தார், குனிந்து இரண்டு வரி ஜெபித்தார், அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது. பிறகு அந்தக் கையை மெதுவாகக் கூப்பிக்கொண்டான்.

இடத்துக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்டான். "எனக்கு மட்டும் ஏன் மாப்ள தரல?"

எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று, பிறகு அதற்கென்று வகுப்புக்குப் போய்த் திடப்படுத்தல் முடித்தவர்கள்தான் வாங்குவார்கள், எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கே கிடையாது, தலையில் கைவைத்து ஜெபம்தான் என்றேன். கத்தோலிக்கக் கோயிலில் இன்னும் கறார். அங்கே இதற்கு 'நன்மை வாங்குவது' என்று பெயர். பிள்ளைகள் முதல்முறை வாங்கும் நாள் 'புதுநன்மை'. பெண் பிள்ளைகள் வெள்ளை கவுன், தலையில் வெள்ளைத் துணி என்று கல்யாணம் மாதிரி இருக்கும். சி.எஸ்.ஐ.க்காரனான எனக்கே அங்கே நன்மை கிடையாது. எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான். "பிரசாதம்னா எல்லாருக்கும்தானே? அழகர் கோயில்ல தோசை குடுக்கும்போது நீ யாருன்னா கேக்குறாங்க?"

பதில் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. இது பிரசாதம் இல்லை, குடும்பத்துக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையைப் புதுப்பிக்கிற சாப்பாடு, அதில் கை நீட்டுவது நானும் இதில் ஒருவன் என்று சொல்வதற்குச் சமம் என்பது வேதபாட வகுப்புப் பதில். சரியான பதில்தான். ஆனாலும் விருந்தாளியை அழைத்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார வைத்து இலை போடாமல் விட்ட மாதிரி எனக்கு அன்று இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

அவன் 'பிரசாதம்' என்றது அப்படியொன்றும் தொலைதூரம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி, காவி கட்டி, மரக்கறி உண்டு, தத்துவப் போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு இங்கே வாழ்ந்தவர். கோயில், பூசை, குரு, வேதம் என்று ஊரில் புழங்கிய சொற்களையே எடுத்துக் கிறித்தவத்துக்குக் கொடுத்தார். கடவுளின் அருளுக்கு அவர் பயன்படுத்திய சொற்களில் ஒன்று பிரசாதம். 'தேவ இஷ்டப்பிரசாதம்' என்று வயதான கத்தோலிக்கர்கள் சொல்ல நானே கேட்டிருக்கிறேன். நானூறு வருடத்துக்கு முன்னால் அந்த வெள்ளைக்காரர் போட்ட முடிச்சை மார்க்கெட்காரன் ஒரே கேள்வியில் இழுத்துவிட்டான்.

சரி, புதியவர்களுக்கு இதில் வேண்டியது இவ்வளவுதான்: எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது நீங்கள் இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், முழங்கால்களைக் கொஞ்சம் ஒதுக்கி வழி விடுங்கள். உட்கார்ந்திருப்பவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு, அவரவர் மனக்கணக்கு அவரவருக்கு. சில இடங்களில் கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு போனால் ஆசீர்வாதம் தருவார்கள்.

நானும் ஒரு நாள் புதியவனாக நின்றிருக்கிறேன். கூட வேலை பார்த்தவரின் கல்யாணம், கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில். இரட்டைக் கோபுரத்தை ஆயிரம் தடவை பஸ்ஸிலிருந்து பார்த்தவன் உள்ளே போனது அன்றுதான். வாசலில் தீர்த்தத் தொட்டி. எல்லோரும் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ள, நான் கை கழுவப் போகிறவன் மாதிரி நின்றேன். பூசையில் நிற்பதும் உட்காருவதும் முழங்காலிடுவதும் எங்களைவிட அதிகம், நான் ஒவ்வொன்றுக்கும் அரை நொடி பிந்தினேன். 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்று சாமி சொன்னால் கூட்டம் மொத்தமும் புத்தகம் பார்க்காமல் பதில் சொல்கிறது. பக்கத்திலிருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரம் வந்ததும் எங்கள் பழக்கத்தில் பக்கத்திலிருந்தவர் கையைப் பிடிக்கக் கை நீட்டினேன், அவர் கும்பிட்டார். நான் கும்பிட்டபோது அவர் பாவப்பட்டுக் கை நீட்டினார்.

இரண்டுக்கும் கதை உண்டு. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பல சபைகள் இணைந்து சி.எஸ்.ஐ. உருவான பிறகு, ஆராதனை முறையைப் புதிதாக எழுதி, கைக்குள் கை வைத்துச் சமாதானம் பகிரும் பழைய வழக்கத்தை உயிர்ப்பித்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையோ, உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு லத்தீனை விட்டு நம் மொழிக்கு வந்தது. 1969-ல் இந்தியாவுக்கென்று பன்னிரண்டு மாற்றங்களை ரோம் அனுமதித்தது. தரையில் உட்காருவது, செருப்பைக் கழற்றுவது, ஆரத்தி எடுப்பது, சமாதானத்துக்குக் கைகூப்புவது எல்லாம் அதில் வரும். அதாவது நண்பனின் செருப்புக் கேள்வி ரோம் வரைக்கும் போய் வந்த கேள்வி.

பெந்தெகொஸ்தே சபை வேறு உலகம். சித்தி கூப்பிட்டு ஒரு தடவை போனேன். புத்தகம் கிடையாது, பாட்டு திரையில் ஓடும், டிரம்ஸ், கீபோர்டு, கைதட்டு. ஜெபம் என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் சத்தமாக ஜெபிப்பார்கள். சிலர் அழுவார்கள், சிலர், ஆவி பேச வைக்கிறது என்ற நம்பிக்கையில், 'பல பாஷை' என்று புரியாத மொழியில் பேசுவார்கள். முதல்முறை கேட்பவருக்குத் திக்கென்று இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் ஆகலாம், காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நடுவில் "முதல்முறை வந்திருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்பார்கள், கைதட்டுவார்கள், ஒருவர் நோட்டோடு வந்து போன் நம்பர் கேட்பார். கொடுக்க விருப்பமில்லை என்றால் சிரித்துக்கொண்டே வேண்டாம் பிரதர் என்று சொல்லிவிடலாம். நான் கொடுத்தேன். நாலு மாதம் வரை வாட்ஸ்அப்பில் தினம் காலை ஒரு வசனமும், வாரம் ஒரு போனும் வந்தது. அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அது கூடுதல்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தையும் நண்பன் ஒரு நாள் டீக்கடையில் மெதுவாக வாய்விட்டான். கத்தோலிக்கத்திலும் எங்களிடமும் ஞானஸ்நானம் என்பது மாதக்கணக்கில் வகுப்பு நடத்திக் கொடுப்பது. நீ கேட்டாலும் உடனே கிடைக்காதுடா என்றேன். ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியாத ஒரு சிரிப்பு சிரித்தான்.

அடுத்த முறை அவனாகவே வந்தான், சாப்பாட்டுக்காக. திருமங்கலம் பக்கம் எங்கள் அம்மா ஊரில் அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நெல் மூட்டை, வாழைத்தார், நாட்டுக்கோழி, கூடை முட்டை, யாரோ ஒரு பாட்டி வீட்டுக் கொல்லையிலிருந்து கொண்டுவந்த நாலு கத்தரிக்காய். ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு தரம், ரெண்டு தரம் என்பார். வாங்கியவர் அதையே திரும்பக் கொடுத்து இன்னொரு ஏலத்துக்கு விடுவதும் உண்டு. ஒரே தேங்காய் மூன்று தரம் விற்கும்.

மார்க்கெட்காரனுக்குத் தாங்கவில்லை. "ஒரு தேங்கா நானூத்தம்பதா? நேத்து கடையில என்ன ரேட்டு தெரியுமா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினான். கோழி எண்ணூறைத் தாண்டியபோது தலையில் கை வைத்தான். விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இல்லாத ஒரு மார்க்கெட்டை அவன் வாழ்நாளில் பார்த்ததில்லை. பிறகு ஒரு பூசணிக்காய் வந்தது. தட்டிப் பார்க்காமலே "பழுத்த காய், விதை முத்திருச்சு, கிலோ இவ்வளவுக்கு மேல போகாது" என்று எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன், அடுத்த நொடி கையைத் தூக்கி "ஐந்நூறு" என்றான். எதிர்ப்பக்கம் ஒரு பெரியவர் அறுநூறு என்றார். "அறுநூத்தம்பது!"

மூணு தரம். நோட்டில் எழுதுகிற பையன் பேர் கேட்டான்.

"மாட்டுத்தாவணின்னு போடு தம்பி."

பூசணிக்காயைப் பைக்கில் முன்னால் வைத்து இரண்டு முழங்கால்களாலும் அணைத்துக்கொண்டு திருமங்கலம் ரோட்டில் மதுரை வரைக்கும் ஓட்டினான். இந்த வருஷப் பண்டிகைக்கு லாரி லோடு என்று வரவில்லை. ஏலம் ஆரம்பிக்கும் முன்னால் உபதேசியார் கல்லில் ஏறி நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "மாட்டுத்தாவணி எங்கப்பா, காணோம்?"